அமெரிக்காவின் தொழிற்சாலை வீடுகள்: ஒரு சந்தையின் ஏற்ற இறக்கத்தைப் புரிந்துகொள்வது எப்படி?

அமெரிக்காவில் வீட்டு விலை உயரும்போதெல்லாம், தொழிற்சாலையில் கட்டி முடித்து லாரியில் இழுத்து வரப்படும் வீடுகளைப் பற்றிய பேச்சும் எழுகிறது. பாதி விலைக்கு வீடு கிடைப்பதால் நடுத்தர வருவாய்க் குடும்பங்கள் எல்லாம் இனி அந்தப் பக்கம்தான் போகப்போகின்றன என்று சிலர் எழுதுகிறார்கள். அவை வெறும் தகரப் பெட்டிகள், வாங்கிய நாள் முதல் மதிப்பு இறங்கிக்கொண்டேதான் இருக்கும் என்று வேறு சிலர் எழுதுகிறார்கள். இரு தரப்பினரும் சுவரையும் கூரையையும் மட்டுமே பார்க்கிறார்கள் என்பது என் கருத்து. இந்தச் சந்தையின் ஏற்ற இறக்கங்களை உண்மையில் தீர்மானிப்பவை வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலமும் வீட்டை வாங்கப் பெற்ற கடனும்தான். இந்த இரண்டையும் புரிந்துகொண்டால், அவ்வப்போது வெளிவரும் விற்பனை எண்ணிக்கைகளை அச்சமோ ஆரவாரமோ இல்லாமல் படிக்க முடியும்.

## எதைத் தொழிற்சாலை வீடு என்கிறோம்?

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். தொழிற்சாலையில் உருவாகும் எல்லா வீடுகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. அமெரிக்கச் சட்டப்படி 'மேனுஃபாக்சர்டு ஹோம்' எனப்படுவது, வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை வகுத்த நாடு தழுவிய கட்டுமான விதிகளின்படி, நிரந்தரமான எஃகு அடிச்சட்டத்தின் மீது கட்டப்பட்ட வீடு. அந்தத் துறையைச் சுருக்கமாக 'ஹட்' என்பார்கள். விதித் தொகுப்புக்கு 'ஹட் கோட்' என்று பெயர். 1974இல் இயற்றப்பட்ட சட்டத்தின் அடிப்படையில் 1976 ஜூன் 15 அன்று அது நடைமுறைக்கு வந்தது. இந்தக் கட்டுரையில் 'தொழிற்சாலை வீடு' என்று வரும் இடமெல்லாம் இந்த வகையையே குறிக்கும்.

அந்த நாளுக்கு முன் கட்டப்பட்டவைதான் 'மொபைல் ஹோம்'கள். 'மாடுலர்' வீடு இன்னொரு வகை. அதன் பாகங்களும் தொழிற்சாலையில்தான் உருவாகின்றன. ஆனால் அந்தந்த மாநிலத்தின், ஊரின் கட்டட விதிகளின்படி கட்டப்பட்டு, நிலத்தில் போடப்பட்ட அடித்தளத்தின் மீது பொருத்தப்படுகின்றன. சுற்றுலாவுக்காகக் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வாகனங்களும் வேறு. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பின் அகதிகளான மக்களைத் தங்கவைத்தபோது ஃபார்மால்டிஹைடு நச்சுப்புகைப் புகாருக்குப் பெரிதும் உள்ளானவை இந்த டிரெய்லர்கள்தான். அந்தக் கெட்ட பெயரைத் தொழிற்சாலை வீடுகளும் சேர்த்தே சுமக்கின்றன.

ஒரு வீடு எந்த வகை என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஹட் விதிகளின்படி கட்டப்பட்ட ஒவ்வொரு வீட்டுப் பகுதியின் வெளிச்சுவரிலும் சிவப்பு நிறத்தில் சிறிய உலோகத் தகடு ஒன்று பதிக்கப்பட்டிருக்கும். ஒரே பகுதியாக வருவது 'சிங்கிள் வைடு'. இரண்டு பகுதிகளாக வந்து மனையில் இணைக்கப்படுவது 'டபுள் வைடு'.

பாதுகாப்பைப் பற்றி இங்கே ஒரே ஒரு செய்தியைச் சொல்லி நகர்கிறேன். 1992இல் ஃப்ளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ சூறாவளி இவ்வகை வீடுகளை ஆயிரக்கணக்கில் அழித்தது. அதன் பின் 1994இல் காற்று வேகத்தின் அடிப்படையில் நாடு மூன்று மண்டலங்களாகப் பிரிக்கப்பட்டு, கடற்கரைப் பகுதிகளுக்குக் கடுமையான விதிகள் வந்தன. எனவே 1970இல் கட்டியதையும் 2020இல் கட்டியதையும் ஒரே தராசில் நிறுப்பது சரியாகாது.

## விலை ஏன் குறைகிறது?

நில விலையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், மனையிலேயே கட்டப்படும் வீட்டுக்கு ஒரு சதுர அடிக்கு ஆகும் செலவில் ஏறத்தாழப் பாதிதான் தொழிற்சாலை வீட்டுக்கு ஆகிறது. கூரைக்குக் கீழே வேலை நடப்பதால் மழையும் பனியும் குறுக்கிடுவதில்லை. மரமும் கம்பியும் மொத்தமாக வாங்கப்படுகின்றன. ஒரே தொழிலாளர் குழு ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் நேரம் மிச்சமாகிறது. ஊருக்கு ஊர் மாறும் கட்டட விதிகளுக்குப் பதிலாக நாடு முழுவதற்கும் ஒரே விதி இருப்பதால், அலபாமாவில் உள்ள ஆலை அதே வரைபடத்தைக் கொண்டு பல மாநிலங்களுக்கு வீடு அனுப்ப முடிகிறது.

புதிய வீட்டின் சராசரி விலை 2020இல் சுமார் 87,000 டாலராக இருந்து, 2022இல் 1,20,000 டாலரைக் கடந்தது. மரத்தின் விலையும் தொழிலாளர் கூலியும் போக்குவரத்துச் செலவும் அந்த ஆண்டுகளில் ஒருசேர ஏறியதே காரணம். அதே காலத்தில் மற்ற வீடுகளின் விலையும் ஏறியதால், ஒப்பீட்டளவில் இது இன்னும் மலிவாகவே இருக்கிறது. ஆனால் இந்த விலைப் பட்டியலில் நிலம் இல்லை. குழப்பம் தொடங்குவது அங்கேதான்.

## அடிமனை யாருடையது?

தமிழ்நாட்டில் கோயில் நிலத்தில் வீடு கட்டிக் குடியிருப்பவர்களின் நிலை நமக்குத் தெரியும். கட்டடம் குடியிருப்பவருடையது, அடிமனை கோயிலுடையது. மாதாமாதம் அடிமனை வாடகை கட்ட வேண்டும். வீட்டை விற்றாலும் கட்டடத்துக்கு மட்டுமே விலை கிடைக்கும். வங்கியில் கடன் கேட்டால் நிலத்தின் பத்திரம் எங்கே என்று கேட்பார்கள். வாடகை உயர்த்தப்பட்டால் கட்டடத்தைப் பெயர்த்துக்கொண்டு வேறிடம் போக வழியில்லை.

அமெரிக்காவின் தொழிற்சாலை வீட்டுப் பூங்காக்களில் குடியிருப்போரின் நிலையும் ஏறத்தாழ இதுவே. பூங்கா என்பது ஓர் உரிமையாளர் தன் நிலத்தைச் சிறு மனைகளாகப் பிரித்து, தண்ணீர், கழிவுநீர், மின் இணைப்புகளுடன் வாடகைக்கு விடும் இடம். வீடு குடும்பத்துக்குச் சொந்தம், மனைக்கு வாடகை. இந்த வீடுகள் சக்கரத்தின் மீது ஆலையைவிட்டு வருவதால், பிடிக்காவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நடைமுறையில் பெரும்பாலான வீடுகள் ஒருமுறை நிறுத்தப்பட்ட பின் நகர்வதே இல்லை. நகர்த்துவதற்குப் பல ஆயிரம் டாலர் ஆகும். பழைய வீடு பயணத்தைத் தாங்காது. தாங்கினாலும் பழைய வீட்டை ஏற்க வேறு பூங்காக்கள் தயங்கும்.

எல்லோரும் பூங்காவில் இருப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தென் மாநிலங்களின் கிராமப்புறங்களில், சொந்த நிலத்திலோ பெற்றோரின் நிலத்தில் ஒரு மூலையிலோ வீட்டை நிறுத்திக்கொண்டவர்கள் மிகப் பலர். நாடு முழுவதும் இவ்வகை வீடுகளில் ஏறத்தாழ 2 கோடி மக்கள் வாழ்கிறார்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால், தொழிற்சாலை வீட்டின் விலை என்பது கட்டடத்தின் விலை மட்டுமே. நிலம் வேறொரு கணக்கு. அந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரே ஆலையிலிருந்து வந்த இரண்டு வீடுகளின் எதிர்காலம் வெவ்வேறாக அமையலாம்.

## இரண்டு வகைக் கடன்கள்

நிலமும் வீடும் சேர்ந்து ஒரே அசையாச் சொத்தாகப் பதிவாகியிருந்தால், வாங்குபவருக்கு வழக்கமான வீட்டுக் கடன் கிடைக்கும். வீடு மட்டும் தனியாக, வண்டியைப் போல உரிமைச் சான்றுடன் பதிவாகியிருந்தால், கிடைப்பது அசையும் சொத்துக் கடன். அதாவது, நிலத்தைச் சேர்க்காமல் வீட்டை மட்டும் பிணையாகக் கொண்டு தரப்படும் கடன். புதிதாக வரும் தொழிற்சாலை வீடுகளில் நான்கில் மூன்று பங்கு அசையும் சொத்தாகவே பதிவாகின்றன.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சிறியதன்று. அசையும் சொத்துக் கடனில் வட்டி கூடுதல், தவணைக் காலம் குறைவு. கடனைக் கட்டத் தவறினால் கடன் கொடுத்தவர் வீட்டைக் கைப்பற்றும் நடைமுறையும் பல மாநிலங்களில் விரைவானது. வழக்கமான வீட்டுக் கடன் வாங்கியவருக்குரிய பல பாதுகாப்புகள் அசையும் சொத்துக் கடன் வாங்கியவருக்குக் கிடையா.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்ப்போம். 80,000 டாலர் கடன், 20 ஆண்டுத் தவணை. 7 சதவீத வட்டியில் மாதத் தவணை சுமார் 620 டாலர். 10 சதவீத வட்டியில் சுமார் 772 டாலர். மாதம் 152 டாலர் வேறுபாடு என்பது 20 ஆண்டுகளில் 36,000 டாலருக்கும் மேல் வளர்ந்துவிடுகிறது. இதோடு மாதம் 600 டாலர் மனை வாடகையும் உண்டு என்றும், அது ஆண்டுக்கு 5 சதவீதம் உயர்கிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்த வாடகை 1,247 டாலராக நிற்கும். வீட்டுத் தவணையைவிட மனை வாடகை பெரிதாகிவிடும். பாதி விலைக்கு வீடு என்ற பேச்சு இந்தக் கணக்கின் முன் எவ்வளவு தாங்கும் என்பதை வாசகரே பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் மக்கள் ஏன் இந்தக் கடனை வாங்குகிறார்கள்? நிலம் இல்லாதவர்களுக்கு வேறு வழி இல்லை. நிலம் உள்ளவர்களிலும் கணிசமானோர் இதையே தேர்ந்தெடுக்கிறார்கள். கடன் வாங்கும் வேலை விரைவில் முடிகிறது, பதிவுச் செலவு குறைவு, விற்பனைக் கூடத்திலேயே தாள்கள் தயாராகிவிடுகின்றன, குடும்ப நிலத்தை அடமானம் வைக்க மனம் வருவதில்லை. அவசரத்தில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இவை வலுவான காரணங்கள். அவர்களை அறியாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கடன் கிடைத்துவிடுவதும் இல்லை. தொழிற்சாலை வீடுகளுக்கான கடன் விண்ணப்பங்களில் பணமாகக் கைக்கு வந்து சேர்பவை நான்கில் ஒன்றுக்குச் சற்றே அதிகம்தான் என்று நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2021இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மற்ற வீடுகளுக்கு அது ஏறத்தாழ நான்கில் மூன்று.

மதிப்பு இறங்குமா, ஏறுமா என்ற பழைய சண்டைக்கும் இங்கே ஒரு தெளிவு கிடைக்கிறது. கூட்டரசின் வீட்டு நிதி முகமை 2018இல் தொழிற்சாலை வீடுகளுக்கான விலைக் குறியீட்டை வெளியிட்டபோது, அவற்றின் விலை மற்ற வீடுகளின் விலையை ஒட்டியே ஏறியிருந்தது தெரியவந்தது. ஆனால் அந்தக் குறியீடு நிலத்தோடு சேர்த்து வழக்கமான வீட்டுக் கடன் பெற்ற வீடுகளை மட்டுமே அளந்தது. வாடகை மனையில் நிற்கும் வீடுகளுக்கு அந்த முடிவைப் பொருத்திச் சொல்வது தவறு.

## எழுச்சிகளும் வீழ்ச்சிகளும்

இப்போது வரலாற்றைப் பார்த்தால், ஏற்ற இறக்கங்கள் தற்செயலாகத் தோன்றா. 1972இல் ஆலைகளிலிருந்து ஏறத்தாழ 5,75,000 வீடுகள் வெளியேறின. அந்த உச்சத்தை இந்தத் துறை 1973க்குப் பின் நெருங்கவே இல்லை. 1975இல் அது சுமார் 2,13,000 ஆகச் சுருங்கிவிட்டது. ஹட் விதிகள் செலவைக் கூட்டியதால்தான் துறை நலிந்தது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. ஆனால் விதிகள் நடைமுறைக்கு வந்தது 1976இல். பெரும் சரிவு அதற்கு முன்பே நிகழ்ந்து முடிந்திருந்தது. பொருளாதார மந்தமும் கடன் நெருக்கடியுமே அப்போது பெரிய காரணங்கள்.

இரண்டாவது எழுச்சியின் கதைதான் அதிகம் கற்றுத்தருகிறது. 1990களில் கிரீன் ட்ரீ போன்ற கடன் நிறுவனங்கள், மிகக் குறைந்த முன்பணத்தில், நலிந்த கடன் வரலாறு உடையவர்களுக்கும், நீண்ட தவணையில் தாராளமாகக் கடன் கொடுத்தன. கொடுத்த கடன்களை மூட்டையாகக் கட்டி, கடன் பத்திரங்களாக முதலீட்டாளர்களுக்கு விற்றுவிட்டதால், கடன் திரும்புமா என்ற கவலை அவர்களுக்குக் குறைந்தது. 1998இல் ஆலைகளிலிருந்து சுமார் 3,73,000 வீடுகள் வெளியேறின. அதே ஆண்டு கான்செகோ என்ற காப்பீட்டு நிறுவனம் கிரீன் ட்ரீயை விலைக்கு வாங்கியது.

அடுத்து நடந்தது எதிர்பார்க்கக்கூடியதே. தவணை கட்ட முடியாத குடும்பங்களிடமிருந்து வீடுகள் பெருமளவில் கைப்பற்றப்பட்டன. கைப்பற்றிய வீடுகள் மலிவாகச் சந்தைக்கு வந்து புதிய வீடுகளோடு போட்டியிட்டன. 2002இல் கான்செகோவும், பெரிய உற்பத்தியாளர்களில் ஒன்றான ஓக்வுட் ஹோம்ஸும் திவாலாயின. எஞ்சி நின்ற கிளேட்டன் ஹோம்ஸை 2003இல் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷயர் ஹாத்வே வாங்கியது; இன்று அதுவே இத்துறையின் மிகப் பெரிய நிறுவனம். நாடு முழுவதையும் உலுக்கிய 2008ஆம் ஆண்டின் வீட்டுக் கடன் நெருக்கடியின் அதே வடிவம் இங்கே ஒரு பத்தாண்டுக்கு முன்பே அரங்கேறியது. அதை அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை என்பது இன்றும் வருத்தம் தருகிறது. பாதிக்கப்பட்டவர்கள் குரல் எழுப்பும் வசதியற்ற கிராமப்புற ஏழைகளாக இருந்ததே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

2009இல் வெளியேறிய வீடுகள் 50,000ஐக்கூட எட்டவில்லை. பிறகு மெல்ல ஏறி 2021இல் 1,05,000ஐக் கடந்து, 2022இல் சுமார் 1,13,000 ஆகி, 2023இல் ஏறத்தாழ 89,000க்கு இறங்கி, 2024இல் மீண்டும் 1,03,000 அளவுக்கு வந்தது. இவற்றை 1998ஆம் ஆண்டின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால், புதிய அலை என்று எழுதப்படுவது எவ்வளவு மிதமானது என்பது புரியும்.

## எண்ணிக்கையை எப்படிப் படிப்பது?

மேலே வரலாற்றைச் சொன்னபோது நான் விற்பனை என்ற சொல்லைத் தவிர்த்து, ஆலையிலிருந்து வெளியேறிய வீடுகள் என்றே எழுதியிருக்கிறேன். காரணம் உண்டு. மாதந்தோறும் செய்திகளில் வரும் முதன்மை எண்ணிக்கை, ஆலை விற்பனையாளருக்கு அனுப்பி வைத்த வீடுகளின் கணக்கு. அந்த வீடு விற்பனைக் கூடத்தின் முற்றத்தில் ஆறு மாதம் பூட்டிக் கிடந்தாலும் கணக்கில் ஏறிவிடும்.

2023இன் சரிவைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடு அவசியம். பெருந்தொற்றுக் காலத்தில் ஆலைகளிடம் மாதக்கணக்கில் ஆர்டர்கள் குவிந்து கிடந்தன. தாமதத்துக்கு அஞ்சிய விற்பனையாளர்கள் கூடுதலாகவே வாங்கி இருப்பு வைத்தார்கள். 2022இல் வட்டி விகிதம் வேகமாக ஏறி, வாங்குவோர் தயங்கியதும், விற்பனையாளர்கள் கையிருப்பை விற்றுத் தீர்ப்பதில் முனைந்து, புதிய ஆர்டர்களைக் குறைத்தார்கள். ஆகவே ஆலை எண்ணிக்கையில் தெரிந்த சரிவு, குடும்பங்கள் வாங்கியதில் ஏற்பட்ட சரிவைவிடப் பெரிதாகத் தோற்றமளித்தது.

இன்னொரு பொறியும் உண்டு. மாத எண்ணிக்கையைப் பருவகால மாறுதல்களுக்குத் திருத்தி, அதே வேகம் பன்னிரண்டு மாதமும் நீடித்தால் என்னவாகும் என்று பெருக்கிச் சொல்லும் வழக்கம் இருக்கிறது. இதை ஆண்டு வேகம் எனலாம். ஒரு மாதத்தின் ஆண்டு வேகத்தை எடுத்துக்கொண்டு, இந்த ஆண்டு இத்தனை வீடுகள் வந்துவிட்டன என்று எழுதுவது பிழை. பேரிடர்களும் கணக்கைத் திரிக்கும். 2005இல் எண்ணிக்கை உயர்ந்ததில், கத்ரீனாவுக்குப் பின் அரசு வாங்கிய வீடுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. அதைச் சந்தையின் மீட்சி என்று கொள்ள முடியாது.

எனவே ஒரு மாதத்தின் எண்ணைக் கண்டால் மூன்று கேள்விகள் போதும்: இது ஆலையைவிட்டு வெளியேறியதா, குடும்பத்தின் கைக்குச் சேர்ந்ததா? பெருக்கப்பட்ட வேகமா, உண்மை எண்ணிக்கையா? ஏதேனும் பேரிடரோ இருப்புக் குவிப்போ பின்னால் இருக்கிறதா?

## பூங்காக்களை வாங்குவது யார்?

வீடுகளின் எண்ணிக்கையைவிட முக்கியமான மாற்றம் நிலத்தில் நடந்துகொண்டிருக்கிறது. பூங்காக்கள் முன்பு பெரும்பாலும் ஒரு குடும்பம் நடத்திய சிறு தொழில். இப்போது சன் கம்யூனிட்டீஸ், ஈக்விட்டி லைஃப்ஸ்டைல் போன்ற பங்குச் சந்தை நிறுவனங்களும் தனியார் முதலீட்டு நிதிகளும் அவற்றை வாங்கிக் குவிக்கின்றன. சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான ஜி.ஐ.சி. 2016இல் யெஸ் கம்யூனிட்டீஸ் என்ற பெரிய பூங்கா நிறுவனத்தில் பெரும்பங்கை வாங்கியது.

முதலீட்டாளர்களை ஈர்ப்பது எது என்பதை முன்பே பார்த்துவிட்டோம். குடியிருப்பவர் வீட்டைத் தூக்கிக்கொண்டு போக முடியாது; ஆகவே வாடகையை உயர்த்தினாலும் மனை காலியாகாது. வீட்டின் பழுதும் அவர் பொறுப்பு. புதிய பூங்காக்களுக்கு ஊர்கள் எளிதில் அனுமதி தருவதில்லை என்பதால் போட்டியும் குறைவு. ஒரு முதலீட்டாளரின் கோணத்தில் இது உறுதியான வருமானம். ஓய்வூதியத்தில் வாழும் ஒரு முதியவரின் கோணத்தில் தப்பிக்க வழியில்லாத உயர்வு. இரண்டும் ஒரே உண்மையின் இரு பக்கங்கள் என்பதால், பூங்காத் தொழிலின் லாபம் ஏறுகிறது என்ற செய்தியைத் தொழிற்சாலை வீடுகளுக்கு நல்ல காலம் என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது.

இதற்கு மாற்றாக எழுந்த முயற்சி, குடியிருப்போரே கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் பூங்காவின் நிலத்தை வாங்கிக்கொள்வது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மெரடித் என்ற ஊரில் ஒரு சிறு பூங்காவில் 1984இல் இது தொடங்கியது. அம்மாநிலத்தில் பூங்காவை விற்க விரும்பும் உரிமையாளர் குடியிருப்போருக்கு 60 நாள் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்று சட்டமும் உள்ளது. 2008இல் உருவான ஆர்.ஓ.சி. யு.எஸ்.ஏ. என்ற அமைப்பு இதை நாடு முழுவதும் கொண்டு சென்றது. அதன் வலையமைப்பில் இன்று 300க்கும் மேற்பட்ட பூங்காக்கள் உள்ளன. மொத்தப் பூங்காக்களில் இது சிறு பகுதிதான். ஆயினும், வாடகையை யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகளில் இதுவே எனக்கு நம்பிக்கை தருகிறது.

## எங்கே நிறுத்தலாம்?

ஹட் விதிகள் ஊரின் கட்டட விதிகளுக்கு மேலானவை. ஆனால் நில உபயோக விதிகளுக்கு மேலானவை அல்ல. ஒரு மனையில் எந்த வகைக் கட்டடம் வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் ஊராட்சிகளிடம் இருக்கிறது. பல ஊர்கள் தொழிற்சாலை வீடுகளை முற்றிலும் தடுக்கின்றன அல்லது பூங்காவுக்குள் மட்டும் அனுமதிக்கின்றன. தேவை மிகுந்த நகர்ப்புறங்களில் இந்த வீடுகள் குறைவாகவும், நிலம் மலிவான கிராமப்புறங்களில் மிகுதியாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதைக் கடக்கவே உற்பத்தியாளர்கள் உயரமான கூரை, நிரந்தர அடித்தளம், முகப்புத் திண்ணை, கார் கொட்டகை ஆகியவற்றோடு 'கிராஸ்மாட்' என்ற வகையைக் கொண்டுவந்தனர். வீட்டுக் கடன்களை வாங்கித் தொகுக்கும் ஃபேனி மே நிறுவனம் 2018இல், இத்தகைய வீடுகளுக்கு மற்ற வீடுகளுக்கு ஒப்பான கடன் நிபந்தனைகளை அளிக்கத் தொடங்கியது.

வீட்டின் அடியிலுள்ள எஃகுச் சட்டமும் இப்போது விவாதப் பொருளாகியிருக்கிறது. போக்குவரத்து முடிந்து வீடு நிரந்தரமாக நின்றுவிட்ட பின்னும் அதை அகற்றக் கூடாது என்பது சட்டத்தின் வரையறை. இதனால் தரைமட்டம் உயர்கிறது, மாடி வைப்பது கடினமாகிறது, எஃகுக்கான செலவு வாங்குபவர் தலையில் விழுகிறது. அந்தத் தேவையை நீக்கும் முன்மொழிவு 2025இல் அமெரிக்கச் செனட் சபையில் வீட்டுவசதிச் சட்ட வரைவின் ஒரு பகுதியாக முன்வைக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் ஹட் அறிவித்த திருத்தம், ஒரே கட்டடத்தில் நான்கு குடியிருப்புகள் வரை கட்டவும் வழிவிட்டது. இவற்றால் வீட்டின் வடிவம் மாறலாம், விலையும் ஓரளவு குறையலாம். அந்த நான்கு குடியிருப்புக் கட்டடத்தை நிறுத்த மனை கொடுப்பதா என்பதை அந்தந்த ஊரின் மன்றம்தான் முடிவு செய்யும்.